இறால் ஓட்டுத் துணி

அழைப்பு வந்தபோது நான் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். காலை பதினொன்றரை இருக்கும். என் கணவர் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். வகுப்பு நேரத்தில் அவர் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததே கிடையாது. எடுத்தால் வேறு யாரோ பேசினார்.

"மேடம், நான் பி.டி. மாஸ்டர் பேசுறேங்க. சாருக்கு மொகமெல்லாம் வீங்கிப் போச்சு. மூச்சு விட செரமப்படுறாரு. ஆட்டோல ஏத்திட்டோம். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

"என்ன சாப்பிட்டாரு?"

"ஒண்ணும் சாப்பிடலீங்க. போர்டுல கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தாரு, அப்படியே மேசையப் புடிச்சுட்டாரு."

ஸ்கூட்டரை எப்படி எடுத்தேன், பாரதியார் சாலையில் எத்தனை வண்டிகளுக்கு நடுவே புகுந்து போனேன் என்பது எதுவும் நினைவில் இல்லை. மருத்துவமனை வாசலில் காவலாளி என் கைகளையே பார்த்தார். அப்போதுதான் ஆய்வகத்தின் ரப்பர் கையுறைகளோடு வண்டி ஓட்டி வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அவசரப் பிரிவில் நான்கு கட்டில்கள். நான்கையும் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தேன். அவர் இல்லை. திரும்பி வந்து கேட்டபோது செவிலி இரண்டாவது கட்டிலைக் காட்டினார். அங்கே கிடந்த மனிதரை நான் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போயிருந்தேன். கண்கள் இரண்டு கோடுகளாகியிருந்தன. உதடுகள் தடித்து வெளியே தள்ளியிருந்தன. கழுத்திலும் மார்பிலும் செந்தடிப்புகள். ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிற முகம். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் என் வயதுப் பெண். "ஊசி போட்டாச்சு. வீக்கம் எறங்க ஆரம்பிச்சிருக்கு, பயப்படாதீங்க" என்றார். பிறகு குறிப்பேட்டை விரித்துக்கொண்டு கேட்டார்: "காலையில எறா, நண்டு ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்ல டாக்டர். எறாவை அவர் தொடவே மாட்டாரு. அவருக்குப் பிடிக்காது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "பிடிக்காதா, சேராதா?"

அந்த இரண்டு சொற்களும் வேறு வேறு என்று அதுவரை எனக்குத் தோன்றியதேயில்லை. கட்டிலிலிருந்து கொழகொழவென்ற குரலில், வீங்கிய நாக்கை அசைத்து அவரே சொன்னார்.

"சேராது."

அவர் கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் இறால் இல்லாமல் சோறு இறங்காது. கல்யாணத்துக்கு முன்பு முதல் முறை சாப்பிட வந்தபோது அவர் இலையில் விழுந்த இறால் தொக்கை ஒதுக்கிவிட்டு, "எனக்கு இது பிடிக்காதுங்க" என்றார். அன்றிலிருந்து என் அம்மாவுக்கு ஒரு முள். மாப்பிள்ளை நம் வீட்டுச் சாப்பாட்டைத் தாழ்வாக நினைக்கிறார் என்று அக்கம் பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். நானும் உள்ளுக்குள் கொஞ்சம் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

செவிலி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அவர் உடம்பிலிருந்து கழற்றிய பொருள்கள்: கைக்கடிகாரம், பேனா, மோதிரம், ஒரு முகக்கவசம்.

முகக்கவசம் வெளிர் மஞ்சள் பருத்தித் துணியில் தைத்தது. அந்தத் துணியைச் செய்தது நான்.

பையை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தத் துணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வு பருத்தித் துணியில் கிருமி வளராமல் தடுப்பது பற்றியது. பருத்தி வேர்வையை உறிஞ்சும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதனாலேயே அது கிருமிகளுக்கு நல்ல வீடு. துணியின் நூலிழை மேல் ஒரு பாலிமரைப் படியவைத்தால், தன்மேல் வந்து ஒட்டும் கிருமியின் மேலுறையை அது குலைத்துவிடும். இதற்கு எத்தனையோ செயற்கைப் பொருள்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்டது கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் பாலிமர். எங்கள் ஊரில் ஓட்டுக்கா பஞ்சம்? கடலோரக் காரைக்கால்மேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கும்.

ஓட்டைக் காயவைத்து அரைப்பேன். அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும். காரத்தில் கொதிக்கவைத்தால் புரதம் போகும். இன்னும் கடுமையான காரத்தில் இன்னொரு கொதி. கடைசியில் வெள்ளைச் செதில்களாக வருவதை மறுபடி பொடியாக்கி, வினிகர் போல மணக்கும் அமிலத்தில் கரைத்து, துணியை அதில் முக்கிப் பிழிந்து அடுப்பில் உலர்த்துவேன். அவ்வளவுதான். கண்ணாடித் தட்டில் கிருமிகளை வளர்த்து நடுவில் அந்தத் துணியின் துண்டை வைத்தால், துணிக்கு அடியில் ஒன்றுகூட முளைக்காது.

நாலு மாதம் முன்பு நான் இந்தச் செதில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் காட்டியிருந்தேன். அவர் கையை நீட்டவில்லை. "இது எறாதானே?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "எறாவா? இப்ப இதுல எறாவே இல்ல. எல்லாம் போயாச்சு. சர்க்கரை மாதிரி ஒரு பொருள், அவ்வளவுதான்." அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி என்று அவர் சொன்ன வாரம், நானே அந்தத் துணியைத் தையற்காரரிடம் கொடுத்து முகக்கவசம் தைத்து வாங்கி, அவர் பள்ளிப் பையில் வைத்தேன். மேசையைப் பிடித்த அந்தக் காலையில்தான் அவர் அதை முதல் முறையாகப் போட்டிருக்கிறார்.

பெஞ்சில் உட்கார்ந்தபடி, அந்தத் துணி வந்த தொகுதியின், அந்த ஒரு தடவைச் சரக்கின், ஒவ்வொரு கட்டத்தையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். கழுவியது சரி. அமிலம் சரி. காரம் இரண்டு முறையும் சரி. செதில் சரி. பொடியாக்கியது...

அங்கே நின்றேன்.

ஆய்வகத்தில் இரண்டு மிக்ஸி ஜாடிகள். ஒன்று அமிலமும் காரமும் படாத பச்சை ஓட்டை அரைக்க. இன்னொன்று முடிந்த செதிலைப் பொடியாக்க. அந்த வாரம் இரண்டாவது ஜாடியின் பிளேடு கழன்று போயிருந்தது. நான் முதல் ஜாடியைக் குழாயடியில் இரண்டு தரம் அலசிவிட்டு அதிலேயே பொடித்தேன். மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் பிளேடின் கழுத்திலும் பச்சை ஓட்டுத் தூள் ஒட்டியிருந்திருக்கும். அது நேராக என் பொடிக்குள், பொடியிலிருந்து துணிக்குள், துணியிலிருந்து அவர் மூக்குக்கும் வாய்க்கும்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகக்கவசத்தைப் பையோடு தூக்கிப் பார்த்தார். "வெறும் தோல்ல பட்டிருந்தா தடிப்போட போயிருக்கும். இது மூச்சோட உள்ள போற எடம். வேர்வை வேற. ரெண்டு மணி நேரம் போட்டிருந்திருக்காரு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் அம்மா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சேராதா? அன்னைக்கு அந்த எலையில நான்தானே ரெண்டாந்தரம் வச்சேன். 'கொஞ்சமா தின்னு பாருங்க தம்பி'ன்னு வற்புறுத்தி வற்புறுத்தி வச்சேனே. மாதாவே, தின்னிருந்தா?"

அவள் அவருடைய கால்மாட்டில் போய் நின்று, போர்வைக்கு மேலே அவர் காலைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் வீக்கம் பெருமளவு இறங்கி அவருடைய முகம் திரும்ப வந்திருந்தது. இட்லியைப் பிட்டுக் கொடுத்தபடி கேட்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லலைங்க?"

"ஒம்போது வயசுல ஒரு தடவ வந்துச்சு. அப்பறம் தொட்டதேயில்ல. தொடலன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"நாலு வருஷமா நான் ஓட்டோட வாழுறேன். அப்பயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் இட்லியை விழுங்கினார். "சொன்னா நீ அந்த ஆராய்ச்சிய விட்டுடுவ. ஒங்க வீட்ல எறா வாங்குறத நிறுத்திடுவாங்க. எனக்காக ஏன் ஒரு வீடே மாறணும்? அதோட, நீதானே சொன்ன, இப்ப அதுல எறா இல்லன்னு."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. என்னை நம்பினார், அதைத்தான் சொன்னார். எனக்குக் கையில் இருந்த இட்லியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று மதியம் அம்மாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். நினைப்பது வேறு, பார்ப்பது வேறு. உயிர்வேதியியல் துறையில் கேட்டு ஒரு சாயம் வாங்கிவந்தேன். பழுப்பு நிறத்தில் இருக்கும். புரதம் பட்டால் நீலமாகும். பழைய தொகுதித் துணியில் ஒரு துண்டு, இந்தத் தொகுதியில் ஒரு துண்டு, இரண்டையும் தனித்தனியாக உப்புநீரில் ஊறவைத்து, அந்த நீரில் சாயத்தை விட்டேன். முதல் குழாய் பழுப்பாகவே நின்றது. இரண்டாவது என் கண் முன்னே நீலமாகிக்கொண்டே போனது. மாதா கோவில் கண்ணாடி ஜன்னலில் பார்க்கிற நீலம். அவ்வளவு அழகாக இருந்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது.

குழாயை எடுத்துக்கொண்டு என் நெறியாளர் அறைக்குப் போனேன். அவர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் பேராசிரியை. எங்கள் கட்டுரை ஒன்று அப்போது ஓர் ஆய்விதழின் பரிசீலனையில் இருந்தது. அதிலிருந்த மிகச் சிறந்த முடிவுகள் இந்தத் தொகுதியுடையவை.

"துணியில புரதம் இருக்கு மேடம்."

"அப்ப கிருமி சாகலையா?"

"கிருமி செத்துச்சு மேடம். தட்டெல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் என்னம்மா?"

சொன்னேன். ஜாடி, முகக்கவசம், ஆஸ்பத்திரி. சொல்லச் சொல்ல அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கட்டுரை என்னவாகும் என்று கேட்பார், இல்லையென்றால் என் கவனக்குறைவைப் பற்றிப் பேசுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அந்தத் துணிய இன்னும் யார் யாருக்குக் குடுத்த?"

கணவர் படுத்த நேரத்திலிருந்து அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. நான் ஒரு விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்பவள்.

நான்கு துண்டுகள் இழுப்பறையில் இருந்தன. ஒரு முகக்கவசம் என்னுடையது. எனக்கு இறால் சேரும். மிச்சத் துணியில் ஒரு ஜோடிக் கையுறை தைத்திருந்தேன். அது காரைக்கால்மேட்டு அக்காவிடம் இருந்தது.

அக்கா என்று நான் கூப்பிடும் அந்தப் பெண்தான் உரிக்கும் கொட்டகையிலிருந்து எனக்கு ஓடு எடுத்து வைப்பவர். நாற்பத்தைந்து வயது. பதினெட்டு வருடமாக இறால் உரிக்கிறார். அவர் விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்துப் பிளந்திருக்கும். ஈரத்தில் சேற்றுப்புண் மாதிரி வந்திருக்கிறது, கிருமி வளராத பருத்தி உறையை ரப்பர் உறைக்குள் போட்டுக்கொண்டால் ஆறும் என்று நானாகவே முடிவு செய்து, மூன்று வாரம் முன்பு அதைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் ஓடு வாங்கப் போகும்போது கேட்பேன். "நல்லாருக்கு தங்கச்சி" என்பார்.

கொட்டகைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. ஏலம் முடிந்து கடற்கரை ஓய்ந்திருந்தது. அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைத் திருகி எறிந்துகொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு ஒன் நாள் இல்லையே."

"அக்கா, அந்தக் கையொறையக் கழட்டுங்க. இப்பவே கழட்டுங்க."

என் குரல் எப்படி இருந்ததோ, உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அக்கா ரப்பர் உறையைக் கழற்றினார். உள்ளே என் பருத்தி உறை. அதைக் கழற்ற அவர் தயங்கினார். நான் இழுத்தேன். அவர் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார்.

தோலும் துணியும் சில இடங்களில் ஒட்டியிருந்தன. விரல்கள் செக்கச் செவேலென்று, நீர் கோத்து, மணிக்கட்டுவரை தடிப்பு.

"எப்பலேந்து இப்படி?"

"அது முன்னாடியே இருந்துச்சு. இதப் போட்ட ரெண்டாம் நாள்லேந்து கொஞ்சம் சாஸ்தி."

"ஒவ்வொரு வாரமும் நல்லாருக்குன்னு சொன்னீங்களே அக்கா!"

"நீ அவ்வளவு ஆசையா தச்சுக் கொண்டாந்த. ஒன் படிப்பு சம்பந்தப்பட்டதுன்ன. நல்லால்லன்னு எப்படிச் சொல்றது?"

பக்கத்து ஸ்டூல்காரி குறுக்கே பேசினாள். "கை மட்டுமில்லம்மா. உரிக்கயில மூச்சு இழுக்குது அதுக்கு. பூனைக்குட்டி மாதிரி சத்தம் வருது. கேட்டா சொல்லமாட்டா."

நான்கு வருடமாக அந்தக் கைகளிலிருந்து கூடை வாங்கியிருக்கிறேன். புண்ணைப் பார்த்தேன், கிருமி என்று நினைத்தேன். என் கண்ணுக்கு எல்லாமே கிருமியாகத் தெரிந்தது.

மறுநாள் அக்காவை அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் மார்பில் குழல் வைத்துக் கேட்டார், கைகளைத் திருப்பிப் பார்த்தார், சோதனைக்கு எழுதினார். முடிவு வந்ததும் நேராகச் சொன்னார்: "இது துணியால வந்தது இல்ல. துணி அதிகப்படுத்தியிருக்கு, அவ்வளவுதான். வருஷக்கணக்கா எறாவத் தொட்டுத் தொட்டே இவங்களுக்கு ஒவ்வாம வந்திருக்கு. இனிமே உரிக்கிற வேலை வேணாம். தின்னவும் கூடாது."

அக்கா என்னைப் பார்த்தார். நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையையும் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்.

"நீ கூட்டிட்டு வராம இருந்திருந்தா அரிப்போட போயிருக்கும். இப்ப வேலையே போச்சு."

அதன் பிறகு இரண்டு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. நான் போனால் வீட்டுக்குள்ளே போய்விடுவார். அவர் மகள்தான் வாசலில் நின்று, மருந்து ஒழுங்காகப் போடுவதை மட்டும் சொல்வாள். அவர் வேறு கொட்டகையில் ஒளிந்து உரிக்கப் போனதையும், நாலாம் நாள் மூச்சு முட்டி வீடு திரும்பியதையும் அவள்தான் சொன்னாள். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்த அன்று நான் சாப்பிடவில்லை. அவரால் இனி உரிக்கவே முடியாது என்று நிச்சயமான நாளும் அதுதான்.

ஆய்விதழுக்கு நெறியாளரே கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். நான் முதலிலிருந்து தொடங்கினேன். இறால் ஓட்டை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். காளானிலிருந்தும் இதே பாலிமரை எடுக்கலாம். வீட்டில் அதைச் சொன்னபோது என் கணவர்தான் மறுத்தார்.

"ஓட்டுல தப்பில்ல. சோதிக்காம குடுத்ததுலதான் தப்பு. சோதிச்சுட்டுச் செய்."

அப்படியே செய்தேன். ஓடு, காளான் இரண்டிலும் செய்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் கிருமிச் சோதனைக்கு முன்பாகப் புரதச் சோதனை. நீலம் துளி தட்டினாலும் அந்தத் தொகுதி முழுதும் குப்பைக்கு. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், துணியின் கிருமித் தடுப்பைப் பற்றிய ஆய்வில் ஒவ்வாமைக்கு ஏன் ஒரு முழு அத்தியாயம் என்று கேட்டார். தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். அரங்கில் கடைசி வரிசையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அவர் இப்போது பையில் ஓர் ஊசி மருந்து வைத்திருக்கிறார். பி.டி. மாஸ்டருக்கும் அதைப் போடத் தெரியும்.

அக்கா கொஞ்ச நாள் வலை பின்னும் இடத்தில் இருந்தார். பொறுமை போதவில்லை என்று விட்டுவிட்டு, ஏலத்தில் மீன் எடுத்துத் நாங்கள் இருக்கும் தலத்தெருப் பக்கம் கூடையில் கொண்டுவந்து விற்க ஆரம்பித்தார். ஒருநாள் காலை எங்கள் தெருவிலேயே அவர் குரல் கேட்டது. கதவைத் திறப்பதா, உள்ளேயே இருந்துவிடுவதா என்று நிலைக்கதவருகே நின்றேன். அவர் வாசலுக்கே வந்து கூடையை இறக்கினார். சங்கரா, மத்தி, இரண்டு சின்ன வஞ்சிரம். இறால் இல்லை. கைகள் ஆறியிருந்தன, விரல் இடுக்குகளில் மட்டும் வெளுத்த தழும்புகள்.

"வாங்குறியா, சும்மா பாத்துக்கிட்டே நிப்பியா?" என்றார்.

"மூச்சு எப்படி இருக்கு அக்கா?"

"அத அப்பறம் சொல்றேன். மொதல்ல பாத்திரம் எடுத்துட்டு வா, வெயில் ஏறுது."